கழற்றிய கதவு

ராட்டர்டாம் துறைமுகத்தில் ஓட்டலாக மாறி நின்றுவிட்ட பழைய பயணிகள் கப்பல் அது. "குறை ஏதாவது இருந்தா சொல்லுங்க மேடம்" என்று மேனேஜர் யூரியன் கேட்டதுதான் தாமதம், மேல்தளச் சொகுசு அறையில் தங்கியிருந்த கிழவி ஹில்லி பொரிந்து தள்ளினாள்.

"முதல் வகுப்புப் படிக்கட்டுல இருந்த இரும்புக் கதவை எதுக்குய்யா எடுத்தீங்க? திரும்ப மாட்டுங்க!"

"மூணாம் வகுப்பு ஆளுங்க மேல வரக்கூடாதுன்னு வெச்ச கதவு மேடம் அது. கேவலமா இருக்குன்னுதான் கழட்டினோம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். மாட்டுங்கன்னா மாட்டுங்க!"

பணத்திமிர் என்று யூரியன் மனதுக்குள் கறுவினான். "இப்ப யாரைத் தடுக்கணும் உங்களுக்கு?"

"ஒருத்தரையும் இல்ல. ஒன்பது வயசுல, மேல பாட்டுச் சத்தம் கேட்டு ஏறி வந்தேன். அந்தக் கதவுகிட்டயே காதைத் திருகிக் கீழே துரத்திட்டாங்க. இன்னிக்கு எட்டி உதைச்சுத் தொறக்கலாம்னு வந்தா, கதவையே காணோம்!"