நேர்ல பாத்தா

"இவளை நேர்ல பாத்தா செருப்பாலயே அடிப்பேன்."

யூடியூப் நாடகத்தில் கொடுமைக்கார மாமியாராக நடிக்கும் வினோதினி, தனக்கு வந்த அந்தக் கமெண்ட்டைக் காட்டி அழுதாள். "தூக்கமே வரலைண்ணே. இனிமே நான் நடிக்க மாட்டேன்."

டைரக்டர் சின்னதுரை பதறினார். "கண்டவன் எழுதறத ஏன் படிக்கிற தங்கச்சி? மனசுதான் முக்கியம். வூட்டுல ரெண்டு நாள் ரெஸ்ட் எடு."

மனம் ஆறி ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு வரை போனவள், ஆபீஸில் மறந்து வைத்த போனை எடுக்கத் திரும்பி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, சின்னதுரை எடிட்டரிடம் சிரிப்பது கேட்டது.

"ஃபேக் ஐடில நான் போட்டேன் பாரு செருப்பு கமெண்ட்டு, அதுலதான்டா வீடியோ பிச்சிக்கிட்டு ஓடுது. இன்னொன்னு போடுவோம், இன்னும் காரமா!"

கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வினோதினி உள்ளே போனாள்.

"நேர்லயே வந்துட்டேண்ணே. யாரு யாரை அடிக்கறதுன்னு இப்பப் பாப்போம்!"