தாயின் படிப்பு

ஏழாம் வகுப்பு கனிமலர் கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கியிருந்தாள். படிக்காத தாயின் பிள்ளைக்கு நாற்பத்தொன்றுக்கு மேல் வராது என்று பள்ளியில் மதிப்பெண்களைச் சரிபார்க்கும் மெஷின் அதைக் குறைத்துவிட்டது.

குறைத்த மதிப்பெண்ணுக்குச் சம்மதம் தர அவள் அம்மாவை வரச் சொன்னேன். கைரேகை வைக்க மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதை ஒதுக்கிவிட்டுச் சம்மதத் தாளை எடுத்து வாசித்தாள்.

“தாயின் படிப்பு இல்லைன்னு இருக்கே டீச்சர்? நான் பிளஸ் டூ. பாப்பாவுக்குக் கணக்கு நான்தான் சொல்லிக் குடுக்குறேன். யாரு எழுதுனது இத?”

சேர்க்கையன்று தெருப் பெயரைப் பார்த்ததுமே, அந்தத் தெருப் பிள்ளைகள் பதினேழு பேருக்கும் ஒரு தாயையும் கேட்காமல் அப்படி எழுதியவள் நான்.

“மெஷின்தாம்மா,” என்றேன்.