தேதி பின்னர் அறிவிக்கப்படும்

"இந்த வார்த்தையை என்னால அடிக்க முடியாது" என்று அச்சகத்துப் பெண் சொன்னதும் கப்பல்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அன்று காலையில்தான் கப்பலை விட்டு இறங்கியிருந்தார். இரண்டு வருடக் கடல் வேலை. தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதையே போனில்தான் கேட்டவர். வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, தம்பி ஒரு துண்டுச்சீட்டைக் கையில் திணித்து, இந்த அச்சகத்துக்கே போகச் சொல்லி அனுப்பிவிட்டான்.

சீட்டில் இரண்டே வரி. 'திருமணம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. தேதி பின்னர் அறிவிக்கப்படும்.'

ஒத்திவைப்பது என்றால் இன்ன நாளுக்கு என்று இருக்க வேண்டும், நாளே இல்லாமல் ஒத்திவைப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது என்றாள் அவள். அர்த்தம் கேட்க வரவில்லை, நூறு கார்டு வாங்க வந்திருக்கிறேன் என்றார் இவர்.

"அப்ப நாளைச் சொல்லுங்க. ஆறு மாசமா, ஒரு வருஷமா?"

"தம்பி யோசிக்கணுங்கிறான். யோசிச்சுட்டுச் சொல்வான்."

"மூணாவது தடவையா யோசிக்கிறாரு."

அவள் குரல் உயரவில்லை. சீட்டைப் பிடித்திருந்த விரல்நுனிகள் மட்டும் வெளுத்திருந்தன.

முந்தைய இரண்டு தடவையும் கார்டு இங்கேதான் அடித்திருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இருந்தாலும் சொன்னதை அடித்துக் கொடுக்கிற பெண்ணுக்கு இத்தனை வாய் எதற்கு? முதலாளியைக் கூப்பிடச் சொன்னார். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

பெண் வீட்டுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். கார்டு கைக்குப் போனால் தாங்களே தெரிந்துகொள்வார்கள், நேரில் சொல்லத் தம்பிக்குச் சங்கடமாக இருக்கிறதாம் என்றார். சொல்லும்போதே அது அவருக்கும் நன்றாகப் படவில்லை. அதனாலேயே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

அவள் கம்ப்யூட்டரில் பழைய அழைப்பிதழைத் திறந்தாள். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று எதுவும் கேட்காமல் மடமடவென்று அடித்து, சரிபார்க்க ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

'ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ரத்து செய்யப்பட்டது' என்று இருந்தது. தேதியைப் பற்றிய வரியே இல்லை.

கப்பல்காரர் தாளைக் கசக்கி மேசையில் எறிந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கூட நின்றது.

"ஏம்மா, யாரைக் கேட்டு மாத்தின? எங்க வீட்டுக் கல்யாணத்தை நிறுத்தறதுக்கு நீ யாரு?"

அவள் கசங்கிய தாளை நிதானமாக நீவி, மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.

"கல்யாணப் பொண்ணு."