நான்காவது கேள்வி

கேள்வி முடிவதற்குள் அவர், "இல்லை," என்றார்.

அவள் கணவரின் கையைப் பார்த்தாள். அது மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

முதல் மூன்று கேள்விகளுக்கு அவர் இப்படி அவசரப்படவில்லை. சாப்பிட்டதும் வயிறு ஊதுகிறதா? ஊதுகிறது. வலி முதுகுக்குப் போகிறதா? சில நாள். எடை குறைந்திருக்கிறதா?

"ரிட்டயர் ஆனவனுக்கு எடை எதுக்கும்மா?" என்று சிரிக்கக்கூடச் செய்தார்.

நான்காவதைத்தான் அந்த இளம் டாக்டர் தலை நிமிராமல் கேட்டாள். "மோஷன் தண்ணில மிதக்குதா சார்? மேல எண்ணெய் படர்ந்த மாதிரி இருக்கா?"

இல்லை.

வழக்கமாகப் பார்க்கும் பெரிய டாக்டர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் இதையெல்லாம் கேட்டதே கிடையாது. "என்ன சார், மறுபடி மந்தமா?" என்பார். பதில் வருவதற்குள் சீட்டு வந்துவிடும். இளஞ்சிவப்பு மருந்து ஒரு பாட்டில். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை.

இந்த டாக்டருக்கு அவர்கள் மகளின் வயதுதான் இருக்கும்.

இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் கழிப்பறைப் பேச்சை மனைவியின் காதுபட எடுத்ததில்லை. துண்டு தோளுக்கு ஏறினால் அவளாகவே புரிந்துகொண்டு வழிவிட வேண்டும்.

பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற ஊர்.

அவர் உள்ளே போனால் ஒரு வாளி காலியாகும். இரண்டாவது வாளிக்குக் கை மட்டும் வெளியே நீளும். மூன்றாவதற்கு அவள் கத்துவாள்.

"உள்ள என்ன, யானையவா குளிப்பாட்டுதீக?"

தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்கும். மறுபடியும். மறுபடியும்.

சித்திரையில் ஒரு நாள் தொட்டி வற்றிவிட்டது. அவருக்கு அடுத்து அவள் உள்ளே போனாள்.

பார்த்தாள்.

தண்ணீர் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாகக் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் நிறம் மாறியது.

அவருக்காக வீட்டில் எண்ணெயைக் குறைத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பொரியலுக்கு ஒரு கரண்டி. தாளிக்க அரை. இவ்வளவு எங்கிருந்து வரும்?

"எந்தக் கடையில புரோட்டா தின்னுட்டு வாரீக?" என்று கேட்டாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஆமாம் என்றார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம். தினமும் இரண்டு.

ஒரு வாரம் அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்தது. தின்கிறார், அதனால்தான் செரிக்கவில்லை.

அந்த நிம்மதியை அவள் பின்னால் ஒருநாளும் மன்னிக்கவில்லை.

"இல்லைன்னா சரி சார்," என்றாள் டாக்டர். "கணையம் சரியா சுரக்கலைன்னா சாப்பிட்ட எண்ணெய் செரிக்காம அப்படியே வெளிய வந்துடும். அதுக்காகக் கேட்டேன். இப்போதைக்குப் பழைய மருந்தையே சாப்பிடுங்க. ஒரு மாசம் பாப்போம்."

அப்படியே வெளியே.

பஸ் ஸ்டாண்டு வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அவர் முதல் தெரு முனைக்கு நடந்து போயே எவ்வளவு நாள் ஆயிற்று? பால் வாங்கப் போனால்கூட வழியில் யார் வீட்டுச் சுவரிலாவது கை வைத்து நின்றுவிட்டுத்தான் வருகிறார்.

புரோட்டாக் கடை இல்லை.

ஒரு நாளும் இருந்ததில்லை.

அவர் சீட்டை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்தார். "வா," என்றார்.

அவள் மடியில் இருந்த பையை எடுத்தாள்.

எழுந்து போய்விடலாம். கீழே மருந்துக் கடை இருக்கிறது. அடுத்தாற்போல் காபிக் கடை. அவர் பாதிக் காபியை அவள் டம்ளரில் ஊற்றுவார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கொடுப்பார். நாளைக்கும் துண்டு தோளில் ஏறும், அவள் வழிவிடுவாள். வாயைத் திறக்காதவரை எல்லாம் இப்படியே இருக்கும்.

திறந்தால், மகள் வயதுப் பெண்ணின் முன்னால் அவர் நிற்க வேண்டும்.

அவர் கதவின் கைப்பிடியைத் தொட்டார்.

"மிதக்குதும்மா," என்றாள் அவள்.

யாருடைய குரலோ போல இருந்தது. நிறுத்தினால் மறுபடி வராது என்று தோன்றியது. "எண்ணெயும் படருது. எத்தன வாளி ஊத்துனாலும் போறதில்ல. நான் என் கண்ணால பாத்தேன்."

கைப்பிடியில் இருந்த கை அசையவில்லை. அவர் திரும்பவும் இல்லை. சட்டைக்கு மேலே அவருடைய பின்கழுத்து தெரிந்தது. அதில் இவ்வளவு பெரிய பள்ளம் எப்போது விழுந்தது?

"எத்தனை நாளா?"

அவள் மனதுக்குள் எண்ணினாள். சித்திரை, வைகாசி, ஆனி. மூன்று மாதம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி," என்றார் அவர், கதவிடம்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் எழுந்து வந்து, அவர் பையிலிருந்த சீட்டைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"வந்து உக்காருங்கப்பா," என்றாள்.

அதுவரை அவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.