கண்டக்டர் பாப்பா

அர்ச்சுனன் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு தகர பஸ்ஸை எடுத்து மேசைமேல் உருட்டினான். சிவப்புப் பஸ். பாப்பா நாற்காலியிலிருந்து நழுவி இறங்கி ஓடி வந்தாள்.

ஈப்போவில் எங்கள் சமூகநல அலுவலகத்தின் முன்னறை அது. மாதம் ஒருமுறை அவன் தன் மகளை இங்கேதான் பார்க்கலாம். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். கோர்ட்டு உத்தரவு.

உத்தரவில் இன்னொன்றும் உண்டு. தாயும் பிள்ளையும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அவன் கேட்கக்கூடாது, யாரும் அவனுக்குச் சொல்லவும் கூடாது. அந்த முகவரியை நீதிபதி கோர்ட்டில் வாய்விட்டு வாசிக்கவே விடவில்லை. எனக்கும் தெரியாது.

எல்லாம் அவன் வாயால் வந்தது. விவாகரத்து வழக்கு நடந்த அன்று கோர்ட்டுப் படிக்கட்டில் நின்று, "அவ எங்க இருக்கான்னு மட்டும் தெரியட்டும். பால்வெட்டுக் கத்தி சும்மாதான் கெடக்கு" என்று மனைவி ராக்காயியைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவளுக்கு இடது காது ஏற்கெனவே போய்விட்டது. அதுவும் இந்த மகராசன் கைங்கரியம்தான்.

பழைய காலமாக இருந்தால் ரப்பர் தோட்டத்துக் கோயில் தலைவரும் கணக்கெழுதும் கிராணியும் உட்கார்ந்து பேசி, புருசன் என்றால் நாலு அடி அடிப்பான்தான் என்று அவளை லயத்து வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள். புதுச் சட்டம் வந்த பிறகுதான் இதையெல்லாம் ஒரு நீதிபதி கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறார்.

"நீதான் கண்டக்டர். அப்பா ஏறிக்கவா?" என்றான்.

"ஏறு, ஏறு."

இரண்டு விரலை மனிதக் கால்போல் நடக்க வைத்து, பஸ்ஸின் கூரைமேல் ஏற்றினான். பாப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருவாட்டைப் பார்த்த பூனைக்குக்கூட இவ்வளவு பொறுமை இருக்காது.

"பஸ்ஸு எங்க போவுது, கண்டக்டர்?"

"அர்ச்சுனன், அலாமாட் கேக்கக்கூடாது" என்று முகவரி விதியை நினைவுபடுத்தினேன்.

"வெளையாட்டுத்தானேக்கா."

கேட்கக்கூடாது என்றுதான் உத்தரவு. விளையாடக்கூடாது என்று யாரும் எழுதவில்லை. நான் எட்டி பஸ்ஸைப் பிடுங்குவதற்குள் பாப்பா மேசையைத் தட்டிக் கூவிவிட்டாள்.

"ஹுத்தான் மெலிந்தாங்! ஹுத்தான் மெலிந்தாங்! எங்க ஊரு வந்திருச்சு, எறங்கு!"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் மகள் தலையைத் தடவினான். பஸ்ஸை அவள் கையிலேயே கொடுத்தான்.

நேரம் முடிந்துவிட்டது என்று பிள்ளையைத் தூக்கினேன். உண்மையில் நேரம் இன்னும் முடியவில்லை. அவனும் எதிர்த்துப் பேசவில்லை.

அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. ராக்காயி பின்வாசல் வழியாகப் பிள்ளையோடு போய் பஸ் ஏறும்வரை அவன் இந்த அறையை விட்டு நகரக்கூடாது. மற்ற மாதங்களில் கூண்டுப் புலிபோல் நடப்பான், என்னையும் சட்டத்தையும் சேர்த்து ஏசுவான். இன்றோ கால்களை நீட்டி உட்கார்ந்தான்.

"அவசரமில்லக்கா. கோப்பி-ஓ ஒன்னு கெடைக்குமா?"

பிள்ளையோடு பின்கட்டுக்கு ஓடினேன். ராக்காயி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். முந்தானை நுனி அவள் கையில் கசங்கிப்போயிருந்தது. அவள் காதில் கிசுகிசுத்தேன். அவள் அசையாமல் நின்றாள். அது இடது காது என்று அப்புறம்தான் உறைத்தது. பாவி, என் பதற்றத்தில் அதையும் மறந்துவிட்டேன். சுற்றி வந்து வலது காதில் சொன்னேன்.

"அவனுக்கு ஊரு தெரிஞ்சுபோச்சு. பாப்பா சொல்லிருச்சு. இன்னிக்கு வீட்டுக்குப் போவாத. ஆபிசர்கிட்டச் சொல்லி வேற எடம் பாப்போம்."

"என்ன ஊருன்னு சொன்னா?"

"ஹுத்தான் மெலிந்தாங்."

ராக்காயி மூச்சை விட்டாள். எவ்வளவு நேரமாக அடக்கி வைத்திருந்தாளோ. சுவரில் சாய்ந்து அப்படியே குந்தினாள். மயங்கி விழுகிறாள் என்று தோளைப் பிடித்தேன். அவள் பிள்ளையை மடியில் இழுத்து உச்சி முகர்ந்தாள்.

"எப்படியும் ஒரு நாளைக்கு இவ வாயப் புடுங்குவான்னு தெரியும்க்கா. நாலு வயசுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுக்க எனக்கு மனசு வரல. அதனால பொய்ய நானே இவகிட்ட சொல்லிட்டேன். குடி போன அன்னிக்கே, இதான் ஹுத்தான் மெலிந்தாங்னு சொல்லி பஸ்ஸவிட்டு எறக்கினேன். இவ அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கா."

பாப்பா தரையில் பஸ்ஸை உருட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பொய் சொல்லவில்லை. அதனால்தான் அந்தப் பாவி நம்பினான். நானும் நம்பினேன்.

"அடுத்த வருசம் எழுத்துக் கூட்டிருவா. ஊர்ப்பேர் போர்டு படிப்பா" என்றாள் ராக்காயி. "அதுக்குள்ள கேசு முடிஞ்சிரும்லக்கா?"

முடிந்துவிடும் என்றேன். எனக்கென்ன தெரியும்.

"அப்ப நீங்க இருக்கிறது எந்த..." என்று என் வாய் ஆரம்பித்தேவிட்டது. நாக்கைக் கடித்து நிறுத்தினேன். உத்தரவு எனக்கும் சேர்த்துத்தான்.

ராக்காயி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"ஹுத்தான் மெலிந்தாங் எப்படிக்கா இருக்கும்? நான் அந்தப் பக்கம் போனதே இல்ல லா."