திறக்காத பக்கம்

“இன்னுமா திறக்கல?” என்று பெத்தணன் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

பாண்டிலட்சுமி லேப்டாப்பைத் தகப்பனார் பக்கம் திருப்பிக் காட்டினாள். ‘இந்தத் தளத்தை அணுக முடியவில்லை’ என்று வெள்ளைத் திரையில் எழுதியிருந்தது. “நான் என்னப்பா செய்ய? எம்புட்டு தடவ தட்டினாலும் இதையேதான் காட்டுது. என் செல்லுலயும் இப்படித்தான்.”

எத்தனை தடவை தட்டினாலும் அது திறக்காது என்று அவளுக்குத் தெரியும். திறக்காமல் செய்து வைத்ததே அவள்தான்.

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் காலண்டர் வடிவமைக்கிற வேலை அவளுக்கு. வேலை நேரத்தில் யாரும் படம் பார்க்கக் கூடாது என்று முதலாளி அங்கே சில தளங்களை அடைத்து வைத்திருந்தார். அதை எப்படிச் செய்தார்கள் என்று கவனித்திருந்தவள், மதுரை ஆஸ்பத்திரியின் தளத்தைத் தன் லேப்டாப்பில் அதே மாதிரி அடைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் செல்லுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அச்சகத்தின் பின்பக்கம், காகிதக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு ரிப்போர்ட்டைப் படித்தாள். அப்பாவின் தொண்டையிலிருந்து எடுத்த சதையில் புற்று இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா சின்னத்தாயைக் கொண்டுபோனதும் அதே நோய்தான். காரியம் முடிந்த பிறகு அப்பா ஆறு மாதம் வயல் பக்கமே போகவில்லை. பேச்சு பாதியாகக் குறைந்தது, சாப்பாடு அதற்கும் கீழே. இன்னொரு தடவை அந்த வார்த்தையை அவர் கேட்டால் அப்படியே உட்கார்ந்துவிடுவார் என்று மகளுக்குப் பயம்.

செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தாள். அவர் பக்குவமாக எடுத்துச் சொல்வார். அதுவரைக்கும் எப்படியாவது நாளைத் தள்ளிவிட்டால் போதும்.

பெத்தணன் தள்ள விடுவதாயில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து தெருவில் போய்க்கொண்டிருந்த ரீனாவை வாசலில் நின்று கூப்பிட்டார். “டீச்சரம்மா, ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போங்க. இந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம் திறக்க மாட்டேங்குதாம்.”

மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள் ரீனா. பைபிளை மேசையில் வைத்துவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். செய்தித்தாள் தளம் ஒன்றைத் தட்டிப் பார்த்தாள், திறந்தது. ரயில் டிக்கெட் தளமும் திறந்தது.

“நெட்டு நல்லாத்தான் இருக்கு. இது ஒண்ணுதான் முரண்டு பிடிக்குது,” என்றாள்.

பிரவுசரில் சேர்ந்து கிடந்த பழைய பதிவுகளையெல்லாம் துடைத்தாள். வேறு பிரவுசரில் போட்டாள். மோடத்தை அணைத்து, முப்பது வரை எண்ணி, மறுபடி போட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே வெள்ளைத் திரைதான் வந்தது.

“சரி, என் செல்லுல பாத்துருவோம் அண்ணாச்சி. ரிப்போர்ட் நம்பர் என்ன?”

“சீட்டு பீரோவுல எங்கனயோ கிடக்கு டீச்சர். தேடித்தான் எடுக்கணும்,” என்றாள் பாண்டிலட்சுமி அவசரமாக.

“சீட்டு எதுக்கு?” என்ற பெத்தணன், பத்து எண்களையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொன்னார்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை. பாண்டிலட்சுமி அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ரீனாவின் கட்டைவிரல் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனது, ஓர் இடத்தில் அப்படியே நின்றது.

ரீனா நிமிர்ந்தாள். பெத்தணனின் தலைக்கு மேலே, பாண்டிலட்சுமி கண் நிறைந்து, வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினாள்.

ரீனா மறுபடி செல்லைக் குனிந்து பார்த்தாள்.

“இதுலயும் வரல அண்ணாச்சி,” என்றாள் ரீனா. செல்லை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள். “ஆஸ்பத்திரிக்காரங்க சைட்டுதான் படுத்துக்கிடக்கு. ரெண்டு நாள் விட்டுப் பாருங்க.”

பிறந்ததிலிருந்து பொய் சொல்லிப் பழகாதவள் மாதிரி இருந்தது அவள் குரல். போட்டு வைத்த காபியைக் குடிக்காமலே எழுந்தாள். வாசற்படியில் பாண்டிலட்சுமியின் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு இறங்கிப் போனாள்.

பாண்டிலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தப்பித்தோம் என்றிருந்தது. லேப்டாப்பை மூடினாள்.

“ரெண்டு நாள்தானப்பா. அதுல ஒண்ணும் இருக்காது. செவ்வாக்கிழமை டாக்டரையே நேர்ல பாத்துக் கேட்டுக்கிடுவோம்.”

“இல்ல தாயி. இன்னைக்கே திறந்தாகணும்.”

“ஏம்ப்பா இப்படி அடம் பிடிக்கீக? அம்புட்டு என்ன அவசரம்?”

பெத்தணன் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு பக்கத்தில் உட்காரும்படி மகளுக்குக் கையைக் காட்டினார்.

“நான் வெள்ளிக்கிழமையே பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் கடையில நம்பரக் குடுத்து, ரிப்போர்ட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன்,” என்றார். “உன்கிட்ட சொல்ல வாய் வரல தாயி. அதான் நீயே பாத்துத் தெரிஞ்சுக்கிடட்டும்னு திறக்கச் சொன்னேன்.”