கொழும்பு போய் வந்தவன்

"டிராம் வண்டிக்கு மாடும் கிடையாது, குதிரையும் கிடையாது மாமா. மேல ஒரு கம்பி. அதைத் தொட்டுக்கிட்டே ஓடுது."

கொழும்பிலிருந்து அன்று காலைதான் தென்காசியில் வந்து இறங்கிய ஆவுடையப்பன், மொட்டைத் தலையும் மழித்த மீசையுமாக, சிநேகிதன் குத்தாலிங்கத்தின் வீட்டில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தான். எதிரே பண்பொழி சம்பந்தி நல்லதம்பியும் அவர் மனைவியும். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இலஞ்சி முருகன் கோவிலில் குத்தாலிங்கத்தின் தங்கை சந்தனமாரிக்குக் கல்யாணம். ஏற்கெனவே ஒரு சம்பந்தம், நிச்சயமான வாரத்தில் இழவு விழுந்து முறிந்துபோனதில், ராசியில்லாதவள் என்ற பெயரைச் சுமந்துகொண்டிருந்தாள் அந்தப் பெண். இந்தக் கல்யாணமாவது நடக்க வேண்டும்.

மச்சான் முறைக்கு அண்ணன்காரன் நிற்க வேண்டுமே என்று, கொழும்பில் கடை வேலையிலிருந்த குத்தாலிங்கத்தைக் கையோடு கூட்டிவர ஆவுடையப்பனை அனுப்பியிருந்தாள் தாய் மூக்கம்மாள். இவன் மட்டும் திரும்பி வந்திருக்கிறான்.

"ஊரெல்லாம் சிநேகிதருதான் சுத்திக் காட்டினாராக்கும்?" என்றார் நல்லதம்பி.

"அவனுக்கு ஏது நேரம்? முதலாளி லீவே குடுக்கல. நான் தனியாத்தான் சுத்தினேன். துறைமுகம், பெரிய கடைத்தெரு எல்லாம் பாத்தேன். விடியக்காலம் கடல்ல ஒரு முங்கு போட்டேன்."

மூக்கம்மாள் கதவோரம் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மொட்டை எங்கன போட்டிய?" என்றாள் சம்பந்தியம்மாள்.

"வார வழியில, திருச்செந்தூர்ல. ஒரு நேர்த்திக்கடன்."

"அப்படியா? இலை விபூதி இருந்தாக் குடுங்க தம்பி, நெத்தியில இட்டுக்கிடுதேன்."

ஆவுடையப்பன் சட்டைப் பையைத் தடவினான், மடியைத் தடவினான். திருச்செந்தூருக்குப் போனவன் பன்னீர் இலையில் விபூதி வாங்காமல் ஊர் திரும்புவானா? "ரயில்ல விழுந்துட்டு போல," என்றான்.

அப்போதுதான் மூக்கம்மாள் வாயைத் திறந்தாள். "கூடப் பொறந்தவ கல்யாணத்துக்கு வராதவன் என்ன புள்ள? பெத்தவளை மறந்த பய. இனிமே அவன் பேச்சை இந்த வீட்டுல யாரும் எடுக்கப்படாது."

ஆவுடையப்பனுக்குத் தாங்கவில்லை. "அவனைத் திட்டாதிய சித்தி," என்று இழுத்தான்.

"விடு தாயி," என்று சமாதானம் செய்தார் நல்லதம்பி. "மச்சான் முறைக்கு இந்தத் தம்பியே நிக்கட்டுமே."

"அவன் வேண்டாம் அண்ணாச்சி." வெட்டினாற்போலச் சொன்னாள் மூக்கம்மாள். "போன காரியத்தை முடிக்கத் துப்பில்லாத பய. எந்தங்கச்சி மவன் நிப்பான்."

அன்னியர் முன்னால் இப்படி ஒரு பேச்சு. ஆவுடையப்பன் கூனிக் குறுகிப் போனான். கடல் தாண்டி அலைந்ததற்கு நல்ல மரியாதைதான்.

சம்பந்திகள் திருப்தியோடு வெற்றிலை போட்டுக்கொண்டு வில்வண்டியில் ஏறினார்கள். வண்டி தெருமுனை திரும்பும் மட்டும் மூக்கம்மாள் சிரித்த முகத்தோடு வாசலில் நின்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"எம்மேல கோவமா சித்தி?"

"சத்தங்காட்டாதலே. சந்தனமாரி உள்ள இருக்கா. வெள்ளிக்கிழமை தாலி ஏறட்டும், பொறவு அழுதுக்கிடலாம்."

அவன் வலது கையை இழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கையாலதான கொள்ளி வச்ச? எம்புள்ளைக்கு வாய்க்கரிசியும் போட்டியாலே?"